வடக்குக் கூடத்துப் படி

காஞ்சிபுரம்,
20-1-1977

அன்புள்ள தம்பி சூசைக்கு,

அக்கா லில்லி எழுதுவது. சேசு மரி சூசை துணையால் நீயும் கலாவதியும் குழந்தைகளும் பம்பாயில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். அம்மா சுகமில்லை. கிறிஸ்துமஸ் பூசையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததை அப்போதே எழுதினேன். நீ பதிலுக்குத் தைலப் புட்டி ஒன்று பார்சலில் அனுப்பினாய். உடையாமல் வந்து சேர்ந்தது. இந்த வயதில் எலும்பு ஒட்டாது, வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதுகில் புண் வைத்துவிட்டது. நான்கு நாளாகக் கஞ்சித் தண்ணீர்தான் இறங்குகிறது. நீ இஞ்சினீயர், இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். கோயில் நூற்றாண்டு மலரின் அச்சுப் பிரதியைப் பிழை பார்த்துத் தரும்படி விழாக் கமிட்டியார் என்னிடம் கொடுத்தார்கள். டீச்சர் என்று இந்த வேலைக்காவது கூப்பிடுகிறார்களே. நம் பெரிய கோயிலின் வரலாற்றை எம்.எஸ்.நாதன், பி.இ. என்று ஒருவர் எழுதியிருந்தார். யாரடா இந்தப் பெரிய மனுஷன் என்று பார்த்தால், ஞானஸ்நானப் புத்தகத்தில் மரிய சூசைநாதன் என்று இருக்கிற அதே ஆள்தான்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். தாது வருஷப் பஞ்சத்தில் பிரெஞ்சுச் சாமியார் அஸ்திவாரம் போட்டது, கப்பலில் வந்த மணி, மணிக்கூண்டின் உயரம், தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கித் தளம் போட்ட விதம், பீடத்துக்கு மேலே இருக்கும் வண்ணக் கண்ணாடி, ஒன்றும் விடவில்லை. தூண்கள் இன்றைக்கும் பட்டுப் போல வழவழவென்று இருப்பதற்குச் சாந்தில் சேர்த்த வெல்லமும் கடுக்காயும் காரணம் என்று எழுதியிருக்கிறாய். வாஸ்தவம். அந்தச் சாந்தை அரைத்தது யார் என்று மட்டும் எழுதவில்லை. தென்னேரி ஏரி வெடித்துக் கிடந்தபோது ஒரு வேளைக் கஞ்சிக்காக நடந்து வந்த கூட்டத்தில் நம் முப்பாட்டனும் அவன் பெண்டாட்டியும் இருந்தார்கள். பசியில் இருக்கிறவர்கள் வெல்லத் தண்ணீரைக் குடித்துவிடுவார்கள் என்று, பானையில் முதலிலேயே கடுக்காய்ச் சாற்றைக் கொட்டிக் கசக்க வைத்துத்தான் கொடுப்பார்களாம். அப்பா இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார்! உன் கட்டுரையில் அது "பாரம்பரியக் கலவை முறை" ஆகிவிட்டது.

சரி, போகட்டும். பஞ்சத்துக் கதை யாருக்கு வேண்டும்? என்னால் தாங்க முடியாதது ஏழாம் பக்கம். "வடக்குக் கூடம் பெருகி வந்த விசுவாசிகளின் வசதிக்காக இணைக்கப்பட்டது. அதன் தரை ஒன்றரைச் சாண் தாழ்ந்திருப்பது மழைநீர் வடிவதற்காக அக்காலத்தார் கையாண்ட பொறியியல் நுட்பம்."

கூரைக்கு உள்ளே எங்கேடா மழை பெய்கிறது?

மணிக்கூண்டில் ஏறிப் பார்த்தால் நம் கோயில் கால்சட்டையை விரித்துப் போட்டது போல இருக்கிறது என்று சின்ன வயதில் சொல்லிச் சிரித்தவன் நீ. மேற்குக் கால் ஊர்ச் சாதிக்காரர்களுக்கு, வடக்குக் கால் நம் சேரிக்கு. இரண்டும் சேருகிற இடத்தில் பீடம். இரண்டு பக்கத்தாருக்கும் சாமியார் தெரிவார். அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு நம் முகம் தெரியாது. அதற்காகவே கட்டிய கோயில் அது. நடுவில் மார்பு உயரம் சுவர், போதாததற்கு நம் தரை பள்ளம். நன்மை அப்பமும் அங்கே கொடுத்து முடித்த பிறகுதான் இங்கே. உனக்குப் புதுநன்மை கொடுத்த அன்று, வெள்ளைச் சட்டையில் சுவர் ஓரம் நின்று நீ காத்துக்கொண்டிருந்தது எனக்கு மறக்கவில்லை. பதினொரு வருஷத்துக்கு முன்பு ஆயர் உத்தரவு போட்டுச் சுவரை இடித்தார்கள். தரையை யாரும் தொடவில்லை. படி அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் படியில்தான் அம்மா விழுந்தாள். கண் மங்கியவள், நன்மை வாங்கப் பீடத்துக்குப் போகும்போது கால் தடுக்கியது. புதுப் பங்குச் சாமியார் நல்லவர். தானே வந்து அம்மாவைத் தூக்கினார். விழாவுக்கு முன்பே வடக்குத் தரையை மேடாக்கிச் சமன் செய்துவிட வேண்டும் என்று அடுத்த வாரமே கமிட்டியைக் கூட்டினார். படி இருப்பதால் நம்மவர் சவ வண்டி மேலே ஏறாமல் பள்ளத்திலேயே நிற்கிறது, அதுவும் சரியாகிவிடும் என்றார். நம் சனங்கள் சந்தோஷப்பட்டது நான்கு நாள்தான். கமிட்டிச் செயலாளர் ராஜவேலு உன் கட்டுரையை விரித்துப் படித்துக் காட்டினார். "அவுங்க ஆளே எழுதிக்கிறாரு சாமி, தண்ணி வாட்டத்துக்குன்னு. பெரிய இஞ்சினீரு. அதுல கை வெச்சா கட்டடமே கெட்டுப் பூடும்பா" என்றாராம். வேலை நின்றுவிட்டது. பீடத்துக்குச் சரிகை வைத்த பட்டுத் துணி மட்டும் பிள்ளையார்பாளையத்தில் தறி ஏறியிருக்கிறது.

உன்னை ஏமாற்றி வாங்கினார்களா, நீயே எழுதிக் கொடுத்தாயா என்று கேட்க மாட்டேன். மலர் பம்பாய்க்கு வரும், கலாவதியின் வீட்டார் படிப்பார்கள், நீ எந்தப் பக்கத்து வாசலில் நுழைந்தவன் என்று கேட்பார்கள். அந்தப் பயம்தானே? உன் பயம் எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதற்காக உன் மேல் இருக்கும் ஆத்திரம் குறையவில்லை.

இதோடு நிறுத்தியிருப்பேன். திங்கட்கிழமை அம்மா, தம்பி எழுதியதை வாசித்துக் காட்டு என்றாள். எனக்கும் புத்தி கெட்டுப்போயிற்று. இந்தப் பொய்யைக் கேட்டு உன்னை நாலு வார்த்தை வையட்டும் என்று ஏழாம் பக்கத்தையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். அம்மா வையவில்லை. அவள் சொன்னது: "தண்ணி போறதுக்காமே லில்லி! இது தெரியாம நான் அந்தச் சனங்கள இத்தினி வருசமா மனசுக்குள்ள திட்டிக்கினே இருந்துட்டேனேமா. அவுங்க பூசைக்கு வரும்போதெல்லாம் சாபம் வுட்டுக்கினு இருந்தேன்."

நான் அலறிவிட்டேன். அம்மா, அவன் பொய் எழுதியிருக்கிறான், நீ பட்டதுதான் நிஜம் என்றேன். அவள் நம்பவில்லை. "நீ டீச்சரு, அவன் இஞ்சினீரு. என் புள்ள பொய் எழுதுவானா?" என்று என்னையே கோபித்துக்கொண்டாள். அன்று முதல் ஒரே பிடிவாதம். நோயாளிகளுக்கு நன்மை கொடுக்க முதல் வெள்ளிக்கிழமை சாமியார் வீட்டுக்கு வருவார் அல்லவா, அன்று பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமாம். அநியாயமாக ஊரார் மேல் வன்மம் வைத்த பாவத்துக்கு. ராஜவேலுவையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறாள். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது, சூசை!

பிப்ரவரி நாலாம் தேதி முதல் வெள்ளி. மலர் ஏழாம் தேதி அச்சேறுகிறது. கமிட்டிக்கு எழுதுவதும் எழுதாமல் இருப்பதும் உன் மனசாட்சி. இந்தக் கோயிலும் படியும் இன்னும் நூறு வருஷம் இருந்துவிட்டுப் போகட்டும். அம்மாவுக்கு மட்டும் நாலாம் தேதிக்குள் ஒரு கார்டு போடு. "நான் எழுதியது பொய், நீ நினைத்ததுதான் சரி" என்று ஒரு வரி போதும். நான் சொன்னால் நம்பாதவள் நீ எழுதினால் நம்புவாள். கால் போயிற்று, கண் போயிற்று. அவளுடையது என்று மிச்சம் இருந்தது அந்தக் கோபம் ஒன்றுதான். அதையும் நீ எடுத்துக்கொண்டாய். சாகும் முன் திருப்பிக் கொடுத்துவிடு.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். மாதா உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும். உன்னை அம்மா ஆசீர்வதிக்கச் சொன்னாள், அவள் சொன்னதால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
லில்லி