நாம் சுரண்டிப் போட்ட சிவப்பு

மிஸ்,

போன வாரம் லேப் கதவுகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். எனக்கு ஸ்பெஷல் கிளாஸ். கரும்பலகையில் மின்தூண்டலுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகத் தின்னர் வாசம் வந்தது. பாதிப் படத்தோடு சாக்பீஸை வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்து, மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு நின்றேன். பெயிண்டர் திரும்பிப் பார்த்து, "தள்ளி நில்லுங்க மிஸ், தலை சுத்தும்" என்றார். எனக்குத் தலை சுற்றவில்லை. பக்கத்தில் நீங்கள் நிற்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். திரும்பினால் தீயணைப்பு வாளி இருந்தது. அந்த எரிச்சலோடு உள்ளே போய் மிச்சப் பாடத்தை நடத்தினேன். பிள்ளைகள் அன்றைக்கு நிறையத் திட்டு வாங்கினார்கள்.

அன்று சாயங்காலமே உங்கள் வீட்டுக்காரர் போன் செய்தார். "டீச்சர், அவ சரிபண்ணிட்டு இருந்தாளே ஒரு கிடாரு, அது உங்ககிட்டதானே இருக்கு? பொண்ணு சென்னையில வேலைய விட்டுட்டு இங்கேயே வந்துட்டா. அம்மாவோடது வேணும்ங்கறா. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறோம்."

"அதுக்கென்னங்க, தாராளமா எடுத்துக்குங்க" என்று சொல்லி வைத்தேன். வைத்த பிறகு உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போனேன், மாடிக்குப் போனேன், காய்ந்த துணியை எடுத்து வந்து மறுபடியும் கொண்டுபோய்ப் போட்டேன். "காலுக்கு அடியில நெருப்பு வெச்சிருக்காங்களா மிஸ் உங்களுக்கு?" என்று கேட்பீர்களே, அதேதான்.

அது கிடார் இல்லை, பேஸ் கிடார், கம்பி நாலுதான் என்று உங்கள் வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியவில்லை. நமக்கு மட்டும் தெரிந்திருந்ததா என்ன! நம் பள்ளி ஹாஸ்டலில் ஒரு பையன் ஒளித்துவைத்து, வார்டன் பிடுங்கிப் பூட்டிவைத்தது. ஸ்டோர் ரூமைக் காலி செய்கிறபோது பழைய இரும்புக்காரனுக்குப் போக இருந்தது. கருப்பு பெயிண்ட் ஓரமெல்லாம் பெயர்ந்து, ஒரு கம்பி இல்லாமல், குப்பைமேல் கிடந்தது. நீங்கள் குனிந்து தடிக் கம்பியை ஒரு விரலால் சுண்டினீர்கள். "மிஸ், இது காதுல கேக்கல. நெஞ்சுல கேக்குது" என்றீர்கள். கேரளாவில் படிக்கப் போய்விட்ட அந்தப் பையனுக்கே போன் போட்டுக் கேட்டீர்கள். அவன் சிரித்துவிட்டு, "மலிவு ஐட்டம் மிஸ், நீங்களே வெச்சுக்கங்க" என்றான்.

ஆனால் உங்கள் வீட்டில் வைக்க முடியாது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கீழே மளிகை மண்டி, மேலே குடித்தனம். மாடியில் தின்னரைத் திறந்தால் கீழே ஏலக்காய் மூட்டை முழுக்க அந்த வாசம் ஏறிவிடும், அப்புறம் வியாபாரி எவன் எடுப்பான் என்றீர்கள். அதனால் நாமக்கல்லில், பரமத்தி ரோட்டில் என் வீட்டு மொட்டை மாடி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான் நம் பள்ளிக்கூடம் நம்மை விட்டுவைக்கும். நீங்கள் சேலத்திலிருந்து பஸ் ஏறி, கையில் ஒரு பை உப்புத்தாளோடு வந்து இறங்குவீர்கள்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். பெயிண்ட், லேக்கர், தின்னர் எல்லாம் கெமிஸ்ட்ரி, அது நீங்கள். ஒயர், சால்டரிங், மின்சாரம் எல்லாம் பிசிக்ஸ், அது நான். கழுத்துப் பகுதியின் ஸ்க்ரூவைக் கழற்றியது நான். கம்பெனிக்காரன் அடித்திருந்த கருப்பு, பிளாஸ்டிக் மாதிரித் தடியாக இருந்தது. ஹீட் கன் வைத்துச் சூடுகாட்டிச் சுரண்டினோம். அடியில் நல்ல மரம் இருக்கும் என்று பார்த்தால், நாலு துண்டை ஒட்டி, பட்டி பார்த்து மறைத்திருந்தான். எனக்குச் சப்பென்று போய்விட்டது. நீங்கள் மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, "ஒட்டு நல்லாத்தான் இருக்கு மிஸ்" என்றீர்கள்.

எங்கள் வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆபீஸிலிருந்து வந்து மாடிப்படியில் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, ரெண்டு டீச்சருமாச் சேந்து பாடி கட்டற பட்டறை வெச்சுட்டீங்களா?" என்று கேலி செய்தாலும், லாரிக்கு அடிக்கிற பெயிண்ட்டில் சிவப்பு ஒரு டப்பா அவர்தான் வாங்கிக்கொடுத்தார்.

பெயிண்ட் அடிக்கிற நாளில் முதல் கேள்வி காற்றைப் பற்றித்தான். மேற்கே இருக்கிற கோழிப்பண்ணையை நாம் முதலில் கணக்கில் எடுக்கவில்லை. முதல் தடவை சிவப்பு அடித்து, பளபளவென்று வந்து, நான் எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிடக் கீழே ஓடினேன். திரும்பி வருவதற்குள் பண்ணைக் காற்று அடித்து, பொசுபொசுவென்று கோழிப்பஞ்சு முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தது, இரண்டு ஈயும் சேர்த்து. நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "மிஸ், நாமக்கல்னு நம்பர் பிளேட்டே வேணாம், பாத்ததும் தெரிஞ்சுரும்."

அதிலிருந்து மாடி ஏறியதும் கேட்பீர்கள்: "காத்து எந்தப் பக்கம் மிஸ்?"

"பண்ணைப் பக்கமிருந்து வருதுங்க."

"அப்ப இன்னிக்குத் தேய்க்கிறதோட நிறுத்திக்குவோம்."

எனக்குத்தான் பொறுக்காது. ஒரு கோட் அடித்தால் காய்ந்ததா காய்ந்ததா என்று கிட்டப் போய்ப் பார்ப்பேன். விரலை வைக்கப் போவேன். கையைத் தட்டிவிட்டு, "காயறதும் வேலைதான் மிஸ். அதுபாட்டுக்கு நடக்குது, நீங்க வந்து உக்காருங்க" என்பீர்கள். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்காருவோம். நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுவேன். நீங்கள் அசையவே மாட்டீர்கள். உங்களைப் பார்த்தால் சில சமயம் எனக்குக் கோபம்கூட வரும், இப்படியும் ஒரு மனுஷி உட்கார முடியுமா என்று.

இரண்டாவது தடவை சிவப்பு பழுதே இல்லாமல் வந்தது. மேடு பள்ளம் இல்லை, பஞ்சு இல்லை, முகம் தெரிந்தது. அடுத்த வாரம் வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தக் கலர் சரியில்ல மிஸ், சுரண்டிடலாம்" என்றீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு உப்புத்தாளைக் கீழே வீசினேன். "உங்களுக்கு என்னதானுங்க வேணும்?" என்று கத்தினேன். நீங்கள் அதை எடுத்து என் கையிலேயே கொடுத்தீர்கள். அப்புறம் நீலம். அதுவும் சரியில்லை. அப்புறம் ஒன்றுமே வேண்டாம், ஒட்டுத் தெரிந்தாலும் பரவாயில்லை, மரத்தின் மேல் நிறமில்லாத லேக்கர் மட்டும் போதும் என்றீர்கள்.

இதற்கு நடுவில் பெயிண்ட் காய்ந்திருக்கிற நாளில் கம்பி மாட்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் சொருகிப் பார்ப்போம். சொருகினதும் உறுமும். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரே உறுமல். கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்தால் அடங்கும், எடுத்தால் மறுபடி உறுமும். "இது உங்க டிபார்ட்மென்ட்" என்றீர்கள். எனக்குக் காரணம் தெரியும். ஒயர் ஓடுகிற குழிக்குள் மறைப்பு எதுவும் இல்லை, வீட்டுக் கரண்டின் இரைச்சலை அப்படியே பிடிக்கிறது. குழியைச் சுற்றிச் செப்புத் தகடு ஒட்டி எர்த்தோடு சேர்த்துவிட்டால் நின்றுபோகும். தகடு ஒரு சுருள் வாங்கியும் வந்தேன். "அடுத்த வாரம் ஒட்டிரலாங்க" என்றேன். அதற்கு அடுத்த வாரமும் அதையே சொன்னேன். எதற்கும் காத்திருக்கத் தெரியாத நான், அந்த ஒரு வேலையை மட்டும் தள்ளிக்கொண்டே போனேன். நீங்களும் ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. உள்ளங்கையைக் கம்பிமேல் வைத்துக்கொண்டே அடுத்த கலரைப் பற்றிப் பேசினீர்கள்.

ரம்ஜான் நோன்பு தொடங்க ஒரு வாரம் இருக்கையில் காய்ச்சல் என்று லீவு சொன்னீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காற்று தோதாக இருந்தது, லேக்கர் அடித்திருக்கலாமே என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை ஸ்டாஃப் ரூமில்தான் சொன்னார்கள், நீங்கள் போய்விட்டீர்கள் என்று.

உங்கள் வீட்டுக்கு வந்தேன். மேலே ஹாலில் பெண்கள் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஓரமாக உட்காரப் போனேன். ஒரு அம்மா, "நீங்க யாருங்கம்மா?" என்று கேட்டார். "ஸ்கூல்ல கூட வேலை பாக்கறேனுங்க" என்றேன். "ஓ, டீச்சரா" என்று சொல்லி, எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். மரியாதைக்குத்தான் போட்டார்கள், தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனை பேரும் கீழே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து அழுகிறபோது நான் மட்டும் மேலே நாற்காலியில், டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அங்கே அழுதால் யார் இந்தப் பொம்பளை என்று பார்ப்பார்கள். குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பள்ளியில் அஞ்சலிக் கூட்டம் நடந்தது, மறுநாள் உங்கள் வகுப்புகளை எனக்கும் இன்னொருவருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். சொந்தக்காரருக்கு லீவு உண்டு. கூட வேலை பார்த்தவளுக்கு டைம் டேபிள்தான் உண்டு.

சித்திரையில் நானே லேக்கர் அடித்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தேன். கிடார் உடம்பின் அடிப்பக்கம் வளைவில், நாம் சரியாகச் சுரண்டாத இடத்தில், விரல் நகம் அகலத்துக்குச் சிவப்பு மிச்சம் இருந்தது. வெயிலில் வைத்துப் பார்த்தேன். அந்தச் சிவப்பில் ஒரு குறையும் இல்லை மிஸ். இருந்ததும் இல்லை. நீலத்திலும் இல்லை. முடிந்துபோனால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற உங்களுக்கு என்ன காரணம் இருக்கும்? எனக்குத் தகடு, உங்களுக்குக் கலர். இரண்டு பேரும் வாயைத் திறந்து சொல்லாமல் இரண்டு வருஷம் ஒரு மலிவுப் பலகையைத் தேய்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம். இதைத் தெரிந்துகொண்டதும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சும்மா வாங்க என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நீங்களும் வந்திருப்பீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் போன் செய்த பிறகு, பெண்ணிடம் கொடுக்கிற பொருள் உறுமக் கூடாது என்று சனிக்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு போட்டுத் தகட்டை எடுத்தேன். வெட்டி ஒட்டி, ஓரத்தில் சால்டர் வைத்து, மூடி, கம்பி மாட்டினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சொருகினேன். சத்தமே இல்லை. பெட்டி ஓடுகிறதா என்று சந்தேகப்பட்டுப் பின்னால் போய் லைட்டைப் பார்த்தேன். ஓடத்தான் செய்தது. எனக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. அணைத்துவிட்டு, ராசிபுரம் வரைக்கும் சும்மா பஸ்ஸில் போய்த் திரும்பி வந்தேன்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். உங்கள் பெண் உங்களைவிட உயரம். உட்காராமல் ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். உங்கள் வீட்டுக்காரர் சோபா நுனியில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டுக்காரர் எதிரே பேப்பரில் முகத்தைப் புதைத்திருந்தார். நான் பையை எடுத்து வந்தேன். கொடுத்துவிடத்தான் எடுத்து வந்தேன், சத்தியமாக. அவர் பெண்ணிடம் சொன்னார், "அம்மா ஸ்கூல்ல கூட வேலை பாத்த டீச்சர்மா. பாவம், இத்தனை நாள் பத்திரமா வெச்சிருக்காங்க."

அவள் கையை நீட்டிப் பையைப் பிடித்தாள். நான் விடவில்லை. மெதுவாக இழுத்தாள், அப்போதும் விடவில்லை. மூன்று பேரும் என் கையைப் பார்த்தோம்.

"என்னங்க டீச்சர்?" என்றார் உங்கள் வீட்டுக்காரர்.

"தர முடியாதுங்க."

எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு, "ஏனுங்க இப்படிப் பேசறீங்க" என்று எழுந்தார். எனக்கு நிறுத்த வரவில்லை. "உங்களுக்குச் சம்சாரம். இந்தப் புள்ளைக்கு அம்மா. நான் இல்லீன்னு சொல்லலீங்க. எனக்கும்தானுங்க ஆள் போயிருக்குது" என்றேன். சொன்னதும், உங்கள் வீட்டு ஹாலில் அழ முடியாததையெல்லாம் சேர்த்து என் வீட்டு ஹாலில் நின்று அழுதேன். அசிங்கமாக, சத்தம் போட்டு அழுதேன்.

உங்கள் பெண்தான் முதலில் தரையில் உட்கார்ந்தாள். என் புடவை நுனியைப் பிடித்து என்னையும் கீழே உட்காரவைத்தாள். பையின் ஜிப்பைத் திறந்து, மடியில் வைத்து, ஒட்டுத் தெரிகிற மரத்தைத் தடவிப் பார்த்தாள். "இங்கேயே இருக்கட்டும் ஆன்ட்டி. நான் வந்து வாசிச்சுக்கறேன்" என்றாள்.

உங்கள் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு கிளம்புவார் என்று நினைத்தேன். அவர் சோபாவிலிருந்து இறங்கி எங்களோடு தரையில் உட்கார்ந்தார். அப்புறம், "டீச்சர், கேக்கலாமான்னு தெரியல. ஞாயித்துக்கிழமையானா கடையில அத்தனை கூட்டத்தையும் விட்டுட்டு ஓடி வந்துருவா. இங்க வந்து என்னதாங்க பேசுவா?" என்றார்.

"பெயிண்டப் பத்தித்தானுங்க" என்றேன்.

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். சொல்ல ஒன்றும் இல்லை மிஸ். அவர் நம்பினாரோ இல்லையோ, நான் எதையும் மறைக்கவில்லை. மாமியார், சம்பளம், உடம்பு, பிள்ளைகள், எதையும் நாம் பேசிக்கொண்டதில்லை. எந்தக் கலர், எத்தனை கோட், காய்ந்துவிட்டதா என்றுதான் பேசினோம். வேறு யாரிடமும் எனக்கு அப்படிப் பேச வரவில்லை.