எண்பத்து நான்கு பைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். இங்கே நான், இவர், உன் மகள் மூவரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? போன ஞாயிறு போனில் முகம் பார்த்துப் பேசும்போது வலது கையைக் காட்டாமலே பேசினாய். கேட்டால் கறிகாய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன் என்றாய். இடது கையால் நறுக்க எப்போது பழகினாய்?

உனக்கு வாரத்தில் ஒரு நாள்தான் போன் கையில் கிடைக்கிறது. அதிலும் பாதி நேரத்தை உன் மகள் வாலு பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். நீ பார்த்துக்கொள்ளும் அந்த வீட்டுப் பெரியவரைத் தூங்க வைத்துவிட்டு ஆற அமரப் படி.

நம் இணையக் கடையைப் பற்றிக் கேட்டாய். ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பு போல இல்லைதான். ஊரில் பெரிய கம்பெனிகள் ஆட்களைக் குறைத்ததிலிருந்து எல்லாரும் கையை இறுக்கிக்கொண்டார்கள். பள்ளிப் பையைப் பார்க்கிறார்கள், அதில் தைக்க வேண்டிய பிள்ளையின் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள், கூடையில் போடுகிறார்கள், அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நேற்று மட்டும் நாற்பத்தொரு பேர் கூடையில் போட்டார்கள், வாங்கியவர்கள் இரண்டு பேர். துணிக்கடைக்குள் புகுந்து நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு மழை விட்டதும் கிளம்பிப் போகிற கூட்டம் மாதிரி. பார்சல் அண்ணன் முன்பெல்லாம் தினமும் வேனில் வருவார். இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கூட்டரில் வருகிறார். "உங்க தெருவுல மட்டும் இல்லம்மா, எல்லா எடத்துலயும் இப்படித்தான்" என்று எனக்கு ஆறுதல் வேறு சொல்கிறார்.

ஆனால் கவலைப்படாதே. ஒரு மொத்த வியாபாரி மூலமாகக் கொஞ்சம் தயார் சரக்கு வாங்கியிருக்கிறேன். விலை மலிவு. பள்ளி திறந்த நேரம் என்பதால் நன்றாகவே போனது. பை தைக்க வரும் மெஷினம்மா கொஞ்ச நாளாக வருவதில்லை. அவருக்கும் ஓய்வு வேண்டும் அல்லவா.

வரும் ஒன்றாம் தேதி வேலையை விடுகிறேன் என்று அங்கே சொல்லிவிடப் போவதாகச் சொன்னாய். நாலு வருஷம் கழித்து நீ வருகிறாய் என்றால் எனக்குச் சந்தோஷம் இருக்காதா? இருந்தாலும் ஒரு மாதம் தள்ளிப் போட்டால் என்ன என்று இவர் கேட்கச் சொன்னார். சும்மாதான். யோசித்துச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தங்கை

*

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நீ ஒன்றாம் தேதிக்கு முன்னால் படித்துவிட வேண்டும். அந்த வீட்டு அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றால், தயவு செய்து இதை முடிக்கும்வரை பொறுத்துக்கொள்.

போன கடிதத்தில் நான் எழுதியதில் பாதி பொய். நான்கு வாரமாக அதைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் வாலுவை வைத்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

மெஷினம்மா ஓய்வில் இல்லை. நான்தான் வர வேண்டாம் என்றேன். நான்கு மாதமாக ஆர்டர் வற்றிக்கொண்டே வந்தது. அவருக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. அந்த நேரத்தில்தான் மொத்த வியாபாரி போன் செய்தார். நாம் ஒரு பை தைக்க ஆகும் செலவில் மூன்று பை தருகிறேன், உங்கள் கடைப் பெயரைத் தைத்து விற்றுக்கொள்ளுங்கள், இப்போது எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள் என்றார். நூறு பை வாங்கினேன். பார்க்க நம் பை மாதிரியேதான் இருந்தது. மெஷினம்மாவிடம் கொடுத்து, கடைப் பெயர் போட்ட நம் துணிச்சீட்டை வைத்துத் தைக்கச் சொன்னேன். அவர் பையை உள்ளும் வெளியும் திருப்பிப் பார்த்தார். வாரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார்.

"நான் தைக்காத பைக்கு நான் எப்படிம்மா பேரு வைப்பேன்?" என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "அப்படின்னா நாளைலேர்ந்து வர வேணாம்" என்று சொல்லிவிட்டேன். ஆறு வருஷமாக நம்மோடு இருந்தவரை ஒரு வாக்கியத்தில் அனுப்பிவிட்டேன் அக்கா. கண்ணாடியை உறையில் போட்டுக்கொண்டு, மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டுப் போனார். துணிச்சீட்டு எல்லாவற்றையும் நானே தைத்தேன். கடைக்கு நாம் வைத்த உன் மகளின் பெயர் போட்ட சீட்டு.

எண்பத்து நான்கு பை விற்றது. பாதி விலைக்குப் போட்டதும் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த மகிழ்ச்சியில்தான் உனக்குக் கவலைப்படாதே என்று எழுதினேன்.

எழுதி அனுப்பிய மறுநாளே ஒரு தாயிடமிருந்து செய்தி வந்தது. அவருடைய மகனுக்கு ஏழு வயது. பள்ளி மாடிப்படியில் இறங்கும்போது ஒரு பக்க வார் அறுந்து, பையின் கனம் மறுபக்கம் இழுத்து, நான்கு படி உருண்டிருக்கிறான். தாடை கிழிந்துவிட்டது. கட்டுப் போட்ட முகத்தின் படத்தை அனுப்பி, கீழே இப்படி எழுதியிருந்தார்: "என் பையனுக்கு ரெண்டு தையல் போட்டிருக்காங்க. அந்த ரெண்டு தையலை நீங்க பையில போட்டிருந்தா இது தேவையே பட்டிருக்காது."

அதைப் படித்த கையோடு இவரிடம் காட்டினேன். பாவம், அவரும் பயந்துதான் பேசினார். "ஒண்ணு அறுந்தா எல்லாமா அறும்? அந்தம்மாகிட்ட மன்னிப்பு கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடு. நீயா ஊரெல்லாம் சொல்லி வாங்கிக் கட்டிக்காதே." மீதியிருந்த பதினாறு பையில் ஒன்றை எடுத்து, ஐந்து கிலோ மாவுப் பொட்டலத்தைப் போட்டு, கதவு கொக்கியில் காலையில் மாட்டினேன். மத்தியானம் பார்த்தால் பை தரையில் கிடந்தது. வார் மட்டும் கொக்கியில் தொங்கியது. இவரும் அதைப் பார்த்தார். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சே இல்லை. "சித்தப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "சித்திகிட்ட பசிக்கலன்னு சொல்லு" என்று எல்லாம் வாலு வழியாகத்தான். மூன்றாவது தடவை அவள், "ரெண்டு பேருக்கும் காது இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். அந்தப் பைகள் வந்த அன்றைக்கு வாலு தனக்கு ஒன்று கேட்டாள். நான் கொடுக்கவில்லை. உன் பழைய பையே நன்றாக இருக்கிறதே என்று சமாளித்தேன். யோசித்துப் பார் அக்கா. நம் பிள்ளை முதுகில் மாட்ட மனம் வராததை ஊரார் பிள்ளைகளுக்கு அனுப்பியிருக்கிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று யாரிடம் சொன்னாலும் உன்னிடம் சொல்ல முடியாது.

வாங்கிய எண்பத்து நான்கு பேருக்கும் எழுதினேன். இது நாங்கள் தைத்த பை இல்லை, வார் தாங்காது, பிள்ளைக்கு மாட்டிவிடாதீர்கள், எங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள், பலப்படுத்தித் தருகிறோம், வேண்டாம் என்றால் பணத்தைத் தருகிறோம் என்று. அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் உன்னைத்தான் நினைத்தேன். அந்தக் கடையில் உன் நாலு வருஷ உழைப்பு இருக்கிறது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அழுத்தினேன்.

வாங்கிக் கட்டிக்கொண்டேன். திருடி என்று எழுதினார்கள். ஒருவர், உனக்குப் பிள்ளை இருந்தால் தெரியும் என்று எழுதினார். நாம் விற்கும் அந்த இணையச் சந்தைக்காரர்கள் விசாரணை என்று சொல்லிக் கடையை மூடிவிட்டார்கள். பதினோரு நாள் கழித்துத்தான் திறந்தார்கள். முன்பு தேடினால் முதலில் வந்து நிற்கும் கடை, இப்போது நானே தேடினாலும் கிடைப்பதில்லை. திருப்பிக் கொடுத்த பணத்துக்கும் பார்சல் கூலிக்கும் இரண்டாவது தையல் மெஷினை விற்றுவிட்டேன். நீ போன பிறகு முதல் வருஷம் அனுப்பியதில் வாங்கிய மெஷின் அது.

பைகள் வர ஆரம்பித்ததும் மெஷினம்மா வீட்டுக்குப் போனேன். ஒரு விடுதிக்குத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று, அறுந்த வாரைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நாலு தடவ தையல் ஓட்ட வேண்டிய எடத்துல ஒரு தடவ ஓட்டியிருக்கான். எத்தனை பை வந்திருக்கு?"

"இதுவரைக்கும் பன்னெண்டு. உங்களுக்கு இப்ப கொடுக்க என்கிட்ட..."

"அதை நான் கேக்கலியே. கனமான நூல் இருக்கா, வாங்கணுமா?"

அவ்வளவுதான் பேசினார். நான் சொன்ன வார்த்தையைப் பற்றி இன்றுவரை ஒன்றும் கேட்கவில்லை. மன்னித்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. மதியச் சாப்பாட்டைத் தன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறார். முன்பு நம்மோடுதான் சாப்பிடுவார்.

இதுவரை ஐம்பத்தைந்து பை வந்து, தைத்துத் திருப்பி அனுப்பியாயிற்று. பார்சல் ஆபீசுக்கு மூட்டை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போனது இவர்தான். இருபத்து மூன்று பேர் பணத்தை வாங்கிக்கொண்டு பையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஆறு பேரிடமிருந்து பதிலே இல்லை. தினமும் கூப்பிடுகிறேன். இரண்டு எண்கள் உபயோகத்திலேயே இல்லை. எதிர் வீதியில் பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும்போது ஒவ்வொரு முதுகாகப் பார்க்கிறேன். போன் அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறேன். அந்த ஆறும் கிடைக்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

அடிபட்ட பையனின் தாய் பணம் வேண்டாம் என்றுவிட்டார். போன வாரம் அவரிடமிருந்து பார்சல் வந்தது. அறுந்த பையோடு இன்னொரு பையும் இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவருடைய மூத்த மகளுக்கு நாம் தைத்துக் கொடுத்தது. தையல் ஒரு நூல் விலகவில்லை. "எனக்கு வேலை போயிடுச்சு. புதுசு வேணாம். அக்கா பேரைப் பிரிச்சுட்டுத் தம்பி பேரைப் போட்டுக் கொடுங்க. உங்க கையால தைச்சதுன்னா போதும்" என்று ஒரு துண்டுக் காகிதம். மெஷினம்மா அதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஊசியால் அந்தப் பழைய பெயரைப் பிரித்துக்கொண்டிருந்தார். கூலி வாங்க வேண்டாம் என்றார்.

அதற்குப் பிறகு, பெயர் மாற்றித் தருவோம், ஜிப் மாற்றித் தருவோம் என்று கடைப் பக்கத்தில் போட்டேன். ஏழெட்டு வந்திருக்கிறது. புதிய பை வாங்க முடியாதவர்கள் பழையதை அனுப்புகிறார்கள். இது மெஷினம்மாவுக்கு அரை நாள் கூலிக்குக் காணும். வீட்டு வாடகைக்குக் காணாது. நீ திரும்பி வந்து உட்கார்ந்து பிழைக்கிற அளவுக்குக் கடை இல்லை. இந்த ஒரு வரியை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஆனால் அக்கா, உன் கையை நான் பார்த்துவிட்டேன். போன ஞாயிறு தண்ணீர் குடிக்கும்போது மறந்துபோய் வலது கையைத் தூக்கினாய். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டு. அந்தப் பெரியவரைத் தனி ஆளாகத் தூக்கித் தூக்கி வந்ததா, வேறு ஏதாவதா? நீயும் எனக்கு உண்மையைச் சொல்லவில்லை.

கடைக்காக வராதே. கடைக்காக அங்கேயே கிடக்கவும் வேண்டாம். முடியவில்லை என்றால் ஒன்றாம் தேதியே சொல்லிவிட்டுக் கிளம்பி வா. இருக்கிற ஒரு மெஷினில் முறை வைத்துத் தைப்போம். கொஞ்ச நாள் தாங்க முடியும் என்றால் பொறு. எதுவானாலும் என் பொய்யை நம்பி முடிவெடுக்காதே.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். முதல் பத்து நிமிஷம் வாலுவை வெளியே அனுப்பிவிடுகிறேன். என்னைத் திட்டித் தீர்த்துக்கொள். அதற்கப்புறம் கட்டை அவிழ்த்து அந்தக் கையைக் காட்டு.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று எந்நேரமும் வேண்டிக்கொண்டிருக்கும்,

உன் தங்கை