'ம்' கொட்டிய புத்தகங்கள்

ஜூன் 16, திங்கள்

மூட்டம், மழை இல்லை. எழுதவே வெட்கம். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன், சுவரைப் பார்த்து 'ம்' கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டில் வேறு ஆளே இல்லை. என் வீட்டுக்காரி ஜெயந்தி போய்ச் சேர்ந்து இன்னும் வருசம் திரும்பவில்லை.

காலேஜில் தமிழ் நடத்தினாள். முதல் வருசப் பிள்ளைகளுக்கு எந்தக் கதையைப் பாடமாக வைக்கலாம் என்று எனக்குத்தான் படித்துக் காட்டுவாள். கடைசிவரை 'ம்' கொட்டினால் புத்தகம் பாஸ். தூங்கினால் ஃபெயில். சைக்கிள் கடைக்காரன் கையில் அம்புட்டுப் பிள்ளைகள் படிப்பு.

வாங்க வேண்டியது: வால்வ் டியூப், பஞ்சர் சொல்யூஷன், ரவை.

ஜூன் 17, செவ்வாய்

பிரியா சிம்மக்கல்லில் என் கடைக்கே வந்துவிட்டது. ஜெயந்தியிடம் படித்த பிள்ளை, இப்போது அவள் இடத்தில் வேலை.

"அண்ணே, வெள்ளிக்கிழமை பாடப் புத்தக லிஸ்ட் குடுக்கணும். ஒரு புத்தகம் மட்டும் பாக்கி. நீங்க கேட்டுச் சொல்லணும்."

"பரீட்சையா தாயி? பிட்டு எழுதிக்கிட்டு வாரேன்."

சிரித்தது. மாடு தேடிப் போனவள் கதையாம். "மிஸ்ஸுக்கு அதை வைக்கணும்னு ரொம்ப ஆசை."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் அதைத்தான் படித்தாள். இருட்டில் மாட்டு மணிச் சத்தம். அந்தப் பொம்பளை நிற்கிறாள். 'மிச்சம் நாளைக்கு' என்று ஜெயந்தி புத்தகத்தை மூடினாள். அந்த நாளை வரவே இல்லை.

"வேற வையி தாயி" என்றேன்.

ஜூன் 18, புதன்

காற்று. கடையில் புழுதி. கண்ணை மூடினால் அவள் குரல், மணிச் சத்தம் வரைக்கும். அதற்குமேல் போகவில்லை. போகவும் வேண்டாம். கதை முடிந்துவிட்டால் அவள் எனக்குச் சொல்ல என்ன பாக்கி?

எதிர்க்கடை முருகேசன்: "என்ன மாப்ள, ஓட்டையே இல்லாத டியூபுக்கு ஒட்டுப் போடுற?"

"நாளைக்கு ஓட்டை விழும்ல."

ஜூன் 19, வியாழன்

அவள் ஆசைப்பட்ட புத்தகம். என் பிடிவாதத்தில் ஃபெயில் ஆவதா? பிரியாவுக்குப் போன் போட்டேன். சாயங்காலம் வந்தது. ஜெயந்தி விட்ட இடத்தைச் சொன்னேன், அங்கிருந்து படித்தது. குரல் வேறு. மூச்சு விடும் இடமெல்லாம் ஜெயந்தி. மிஸ்ஸிடம் கற்றதாக இருக்கும்.

கதையில் மாட்டு மணி இரண்டாம் தடவை கேட்டது. போதும் என்று சொல்ல எழப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியின் பின்கால் ஒடிந்து கீழே விழுந்தேன்.

"அடி பட்டுச்சாண்ணே?"

"இல்ல. நீ படி."

மிச்சக் கதையைத் தரையில் உட்கார்ந்து கேட்டேன்.