மேசைக்கு மேலே ஒரு பச்சை விளக்கு

மார்ச் 3

சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டியாகிவிட்டது. தரை ஓடு, அலமாரி, குழாய், சுவரின் நிறம் எல்லாம் மனைவியின் தேர்வு. இன்று மகாராணி மனமிரங்கி, "சாப்பாட்டு மேசைக்கு மேல லைட்டு மட்டும் நீங்க பாருங்க" என்றாள். கல்யாணமானதிலிருந்து இந்த வீட்டுக்கு நானாகத் தேர்ந்தெடுத்த பொருள் எதுவும் கிடையாது. இதில் கோட்டைவிட்டால் இனி ஓர் ஆணி அடிக்கக்கூட என்னைக் கேட்க மாட்டாள்.

மார்ச் 5

கடைக்குப் போனேன். பழைய பாணி எனாமல் விளக்குகள். இரும்புக் குடையின் மேல் பீங்கான் பூச்சு, தொட்டால் வழவழவென்று இருக்கிறது. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். கடைக்காரர், "சார், தேங்காயா வாங்குறீங்க?" என்றார்.

ஒரு விளக்கின் ஓரத்தில் பூச்சு பெயர்ந்திருந்தது. "புதுசுதான் சார். பழசு மாதிரி தெரியணும்னு செஞ்சிருக்கு" என்றார். அதற்கு விலையும் கூடுதலாம்! பெயர்த்துத் தர எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறது. நான்தான்.

மார்ச் 8

பச்சையா, சிவப்பா? எவ்வளவு உயரத்தில் தொங்க வேண்டும்? யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. கடைசியில் விட்டத்துக் கொக்கியில் கயிறு கட்டி, குளியலறையிலிருந்த பச்சை வாளியைத் தொங்கவிட்டேன். பிறகு சிவப்பு வாளி. மறுபடி பச்சை.

"வீடா இது, கிணறா?" என்றாள் மனைவி.

மார்ச் 9

மச்சினன் வந்தான். அக்காவோடு பேசிக்கொண்டே எழுந்தவன் வாளியில் 'டங்'கென்று முட்டிக்கொண்டான். தலையைத் தடவியபடி அண்ணாந்து பார்த்து, "புது லைட்டா மாமா? நல்லாத்தான் இருக்கு" என்றான். நல்ல பையன்.

மார்ச் 11

பச்சை. உள்ளே வெள்ளை. கடையில் சொல்லிவிட்டேன்.

மார்ச் 15

எலக்ட்ரீஷியன் வந்து மாட்டினார். "வயரு இவ்வளவு நீளமா சார்?" என்று கேட்டார். "அளந்துதான் சொல்றேன்" என்றேன், பெரிய இஞ்சினியர் மாதிரி.

சாப்பிட உட்கார்ந்தோம். விளக்கு என் மூக்குக்கு நேராக நிற்கிறது. மனைவியைக் காணோம். விளக்குக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது. "எதிர்ல யாராவது இருக்கீங்களா?"

என்ன செய்து தொலைத்தேன்? வாளியின் அடிவரை அளந்து, அவ்வளவு நீளத்துக்கும் வயரையே விடச் சொல்லியிருக்கிறேன். விளக்குக்கும் ஓர் உடம்பு இருக்குமே, அது ஏன்டா உனக்குத் தோணல? மானம் போச்சு.

மார்ச் 16

எலக்ட்ரீஷியன் மறுபடி வந்து வயரைச் சுருக்கிவிட்டுப் போனார். சிரிப்பை அடக்க ரொம்பப் பாடுபட்டார், பாவம். மனைவி விளக்கிலிருந்த கைரேகையைத் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டினால்கூடத் தேவலை.

மார்ச் 18

எப்போதும் படுக்கையறை ஜன்னலோரம் உட்கார்ந்து தைப்பவள், இன்று சாயங்காலம் துணியும் ஊசியுமாக மேசைக்கு வந்துவிட்டாள். "இங்க கண்ணாடி இல்லாமலே நூல் கோக்க முடியுது" என்றாள். நான் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூடப் படிக்காமல் எதிரே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 22

மச்சினன் வீட்டுக்கும் இதே மாதிரி விளக்கு வேண்டுமாம். கடை எங்கே என்று கேட்டு அக்காவுக்குப் போன் செய்தான். நான் பக்கத்து அறையில் இருப்பது தெரியாமல் அவள் சொன்னாள்: "நீயா போனா எதையாவது தூக்கிட்டு வருவ. மாமாவைக் கூட்டிட்டுப் போ. அவருக்குத்தான் அதெல்லாம் தெரியும்."

நாளைக்குப் போகிறோம். சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன்.