மாற்றி ஒட்டிய எண்கள்

நவம்பர் 4, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. வயதாகிச் சேதமடையும் புரதங்களில் மீத்தைல் சேர்த்துப் பழுதுபார்க்கும் நொதி, கிழ எலிகளிடம் குறைந்துவிடுகிறது என்று ஆய்வுக் கட்டுரை எழுதித்தான் எனக்குப் பெயர் வந்தது. அதன் பிறகு எங்கள் லேப் டெக்னீஷியன் ஸ்டெல்லா அக்கா எத்தனை முறை சோதித்தும் முடிவு நேரெதிராகவே வந்தது. "உங்க கை நடுங்குது" என்று சொல்லி அவரைக் குடுவை கழுவ அனுப்பினேன். ஆறு வருடமாகிறது.

இன்று ஃப்ரீசரை ஒழித்தபோது அந்தக் கட்டுரைக்காக நான் சோதித்த பழைய மாதிரிக் குழாய்கள் கிடைத்தன. நோட்டுடன் ஒப்பிட்டேன். கிழ எலிக்கும் இளம் எலிக்கும் எண்களை மாற்றி ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்துதான்.

சாயங்காலமே மண்ணூர்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"இத்த சொல்லவா இம்மாந்தூரம் வந்தீங்க மேடம்? உள்ள வாங்க."

காபி கொடுத்தார். தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப என் கை நல்லாத்தான் கீதுங்களா?"

"நல்லாத்தான் இருக்குக்கா. தப்பு என்னோடது."

அவர் எழுந்து அடுக்களைக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதி அனுப்பியாயிற்று. அது சுலபமாகத்தான் இருந்தது. நாளை காலை லேபில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அக்கா வருவாரா என்றுதான் தெரியவில்லை.