ஹம்முவின் இரண்டாவது சாக்கு

அஸ்ரூ,
பனி விழத் தொடங்கிய வாரம்

என் கண்ணு இஸ்ஸாவுக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், குளிருக்கு முழங்கால்தான் கொஞ்சம் படுத்துகிறது. அங்கே பிரஸ்ஸல்ஸில் நீயும் மாப்பிள்ளை இத்ரீஸும் சுகமாக இருக்க வேண்டும், என் துஆ எப்போதும் அதுதான். இந்த இலையுதிர் காலம் முழுக்க நீ போன் செய்தபோதெல்லாம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பக்கத்தில் ஒரு குட்டி கத்திக்கொண்டிருந்தது, அது உன் காதில் விழக்கூடாது என்றுதான்.

உன் தம்பி ஹம்மு ஒருநாள் வெங்காயச் சாக்கோடு வந்தான். உள்ளே வாலில்லாத நம் காட்டுக் குரங்கின் குட்டி, என் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். தேவதாருக் காட்டில் நாய்களை ஏவித் தாயை விரட்டிவிட்டுப் பிடித்தார்களாம். 'ரெண்டே நாளும்மா, கடல் தாண்டிக் கொண்டுபோற ஆளு வந்து வாங்கிக்குவான்' என்றான். வர வேண்டியவன் துறைமுகத்தில் வேறு ஒரு வண்டியோடு மாட்டிக்கொண்டான், யாரும் வரவில்லை. குட்டி என் கையைப் பற்றிக்கொண்டு விடவே மாட்டேன் என்றது, கீழே விட்டால் கத்தல். பக்கத்து வீட்டில் யார் என்று உனக்கே தெரியும், வனக்காவலர் மிமூனும் றக்கியாவும். ஜன்னலைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்து, ஹம்மாமுக்குக் குளிக்கக்கூடப் போகாமல் கிடந்தேன். ரொட்டிக்கு ஈஸ்ட் கேட்டு வந்த றக்கியா, 'இத்தோ அக்கா, யாரு வீட்டுப் புள்ள இப்படிக் கத்துது?' என்றாள். தங்கச்சி பேரன், பல் முளைக்கிறது என்றேன். 'எல்லாப் பல்லும் ஒண்ணாவா முளைக்குது?' என்று சிரித்தாள், நானும் சிரித்துவைத்தேன். மிமூனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம் என்று ஹம்முவிடம் சொன்னால், 'சொல்லு, என்னை ஜெயில்ல போட்டுட்டு நிம்மதியா தூங்கு' என்கிறான். வாயைத் திறந்தால் மகன், திறக்காவிட்டால் மடியில் அந்தக் குட்டி. எனக்குப் போக்கிடமே தெரியவில்லை இஸ்ஸா.

கடைசியில் குட்டி பால் குடிப்பதை நிறுத்தியதும் என் ஜெல்லாபா அங்கிக்குள் வைத்துக்கொண்டு வன அலுவலகத்துக்கு நடந்தேன். விறகு பொறுக்கப் போன இடத்தில் கிடந்தது என்று சொன்னேன். மிமூன் என் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, சொன்னதை அப்படியே எழுதி, எச்சரித்து அனுப்பினார். குட்டி பிழைத்துக்கொண்டது, ஆனால் மனுஷக் கைக்குப் பழகிவிட்டதால் இனி கூட்டத்தில் விட முடியாதாம், காப்பகக் கம்பிக்குள்தான் வளரும் என்றார். வீடு வந்து ஜன்னல்களைத் திறந்து போட்டுக்கொண்டு அழுதேன். ஹம்மு என் நெற்றியில் முத்தமிட்டு, இனிமேல் காட்டுப் பக்கமே போகமாட்டேன் என்றான். நம்பினேன்.

போன வெள்ளிக்கிழமை, கூஸ்கூஸ் வெந்துகொண்டிருக்கும்போது மறுபடியும் சாக்கோடு வந்து நின்றான். உள்ளே இன்னொரு குட்டி. அவன் கூசாமல் சொல்கிறான், 'ஏம்மா பயப்படுற, மாட்டினா நீ போயி பழையபடி கண்டெடுத்தேன்னு சொல்லு. கிழவிய யாரு என்ன பண்ணப்போறாங்க?' அப்போதுதான் புரிந்தது, நான் சொன்ன பொய்யை நம்பித்தான் அவன் திரும்பக் காட்டுக்குப் போயிருக்கிறான். நான் இருக்கும்வரை சாக்கு வந்துகொண்டேதான் இருக்கும். அடுப்பை அணைத்தேன். அவன் கை கழுவப் போன நேரத்தில் சாக்கைத் தூக்கிக்கொண்டு றக்கியா வீட்டுக் கதவைத் தட்டி, மிமூனிடம் 'என் மகன் ஹம்மு கொண்டுவந்தது' என்றேன். அவர், 'யோசிச்சுச் சொல்லுங்க அக்கா, இந்தத் தடவை பேரை எழுதிட்டா அழிக்க முடியாது' என்றார். எழுதுங்கள் என்றேன்.

அன்றைக்கே சொன்னதால் அன்றைக்கே குட்டியைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். கூட்டம் அங்கேயே அலைந்துகொண்டிருந்ததாம், ஒரு பெரிய ஆண் குரங்கு இறங்கி வந்து குட்டியை வாரிக்கொண்டு மரமேறியதாம். மிமூன் கண் கலங்கிச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன், வாசலில், அதுவரை காவலில் வைத்திருந்த ஹம்முவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

உன் பெரியப்பா வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. 'பெத்தவளா இவ?' என்று ரொட்டிச்சூளை வரிசையில் என் காதுபடவே சொல்கிறார்கள். வாக்குமூலத்தை மாற்றச் சொல்லி உன் மூலமாகக் கேட்பார்கள், நீ அதில் தலையிடாதே, நான் மாற்றமாட்டேன். நேற்று சிறைக்குப் பருப்பும் ரொட்டியும் கொண்டுபோனேன். என்னைப் பார்க்க அவன் வெளியே வரவில்லை. காவலாளியிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன், பாத்திரம் காலியாகத் திரும்பி வந்தது. அடுத்த வாரமும் போவேன்.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, இத்ரீஸோடு சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் முகம் திருப்பாதே. ஆண்டவன் உன் கையைத் தாழவிடாமல், உன் வீட்டை வெளிச்சமாக வைத்திருக்கட்டும். மறக்காமல் ஹம்முவுக்கு நாலு வரி எழுது. அதில் என் பேரைச் சொல்லாதே.

உங்கள் இருவரையும் பெற்றவள்,
இத்தோ