பழைய கண்ணாடி

வள்ளியூர்
9.7.1994

அத்தான்,

அந்தக் காலத்து மாதிரி வெள்ளித் தகட்டில் படமெடுக்க, என் அப்பாவின் கேமராவில் கண்ணாடி செருகும் பிளேட் ஹோல்டர் பொருந்திவிட்டதென்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். உள்ளே கிடந்த பழைய கண்ணாடியை வெயிலில் உருவி எறிந்துவிட்டு, தகடு ஆடாமலிருக்க அட்டை வைத்தீர்களாம். என் பீரோவிலிருந்து அதை எடுத்துப்போக யாரைக் கேட்டீர்கள்?

அது கண்ணாடியில் எடுத்து இன்னும் கழுவாத படம்; வெளிச்சம் பட்டாலே அழிந்துவிடும். நீங்கள் மெட்ராஸில் இருந்தபோது அப்பா நம் பிள்ளையை எடுத்தது. "ஏளா, அசையாம இரு" என்று எத்தனை தடவை சொன்னார். மறுவாரமே காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு வேறு படமே கிடையாது.

ஆறு வருஷமாக ஏன் கழுவவில்லை என்பீர்கள். அசைந்திருந்தால் முகம் கலைந்திருக்குமே என்ற பயம்தான்.

முதல் படத்துக்கு நான் வந்து அசையாமல் உட்கார வேண்டுமாம். வரமாட்டேன்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்